புயல் ஒரு ராத்திரி, கடன் பத்து வருஷம்: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினம், வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை. பினாங்கில் இருக்கும் நம்மில் பலருக்கு இந்த ஊர்களில் ஒன்றிலாவது ஒரு மாமாவோ பெரியம்மாவோ இருப்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இங்கே எத்தனை வீடுகளில் விடிய விடிய விளக்கு எரிந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் எரிந்தது. வேதாரண்யம் பக்கத்தில் இருக்கும் என் சின்னம்மாவின் தென்னந்தோப்பு அந்த ராத்திரியில்தான் போனது.

அதற்குப் பிறகு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தாலே போதும். கோயிலில், சாப்பாட்டுக் கடையில், வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

புயல் அடித்து இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, இன்னுமா கஷ்டம் என்கிறார்கள்?

இதைக் கேட்பவர்கள் யாரும் கெட்ட மனசோடு கேட்பதில்லை. வீடு இடிந்தால் ஆறு மாதத்தில் கட்டிவிடலாம், கரண்ட் போனால் ஒரு மாதத்தில் வந்துவிடும், அப்புறம் என்ன என்றுதான் நினைக்கிறார்கள். தென்னையை வைத்து விளக்கினால் புரியும்.

சின்னம்மாவிடம் 140 மரங்கள் இருந்தன. பெரும்பாலும் நெட்டை ரகம். அவருடைய மாமனார் வைத்தவை. காலையில் பார்த்தபோது 119 மரங்கள் கீழே கிடந்தன. சில வேரோடு சாய்ந்திருந்தன, சில இடுப்பளவில் முறிந்திருந்தன. எல்லாம் ஒரே பக்கம் தலைவைத்துப் படுத்திருந்தன என்று சின்னம்மா சொன்னார். எஞ்சிய 21 மரங்களிலும் குருத்து திருகிப்போயிருந்தது.

ஒரு மரம் வருஷத்துக்கு 80 காய், காய்க்குப் பத்து ரூபாய் என்று குறைத்தே வைப்போம். 119 மரத்துக்கு வருஷம் 95,200 ரூபாய். உரம், தண்ணீர், வெட்டுக்கூலி என்று மூன்றில் ஒரு பங்கு போனாலும் கையில் 63,000 ரூபாய்க்கு மேல் நிற்கும். நெட்டைத் தென்னை காய்க்க ஆறு ஏழு வருஷம் ஆகும். நல்ல காய்ப்புக்கு வர இன்னும் சில வருஷம். ஏழு வருஷம் என்று வைத்தாலே போன வருமானம் நான்கரை லட்சத்தை நெருங்குகிறது. இது ஒரு சின்னத் தோப்பின் கணக்கு. அந்த ராத்திரி தஞ்சாவூர், நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் விழுந்தவை லட்சக்கணக்கான மரங்கள்.

தோப்புக்காரர் கணக்கு மட்டும்தான் இது. ஒரு தென்னையை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். மரம் ஏறுகிறவர், காய் உரிக்கிறவர், கீற்று முடைகிற பெண்கள், மட்டையை ஊறவைத்துக் கயிறு திரிக்கிறவர்கள், கொப்பரை காயவைக்கிறவர்கள், லாரி ஓட்டுகிறவர். இவர்கள் யாருக்கும் மரம் சொந்தமில்லை. ஆனால் எல்லோருடைய அடுப்பும் அந்த மரத்தில்தான் எரிந்தது.

பிலிப்பைன்ஸிலும் இதே கதைதான். 2013 நவம்பரில் ஹையான் புயல் அடித்ததில் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதோடு 3 கோடிக்கும் மேற்பட்ட தென்னைகள் நாசமாயின. செத்தவர்களை உலகம் எண்ணியது. தென்னை வைத்திருந்தவர்கள் அடுத்த ஏழெட்டு வருஷம் எதைச் சாப்பிட்டார்கள் என்று கேட்டவர்கள் குறைவு.

அரசாங்கம் நிவாரணம் கொடுத்ததே?

கொடுத்தது. விழுந்த தென்னைக்கு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 65 ரிங்கிட். மறுநடவுக்குக் கன்றும் உதவியும் தனியாக வந்தன. சின்னம்மாவின் 119 மரத்துக்கு 1,30,900 ரூபாய் வருகிறது. அதில் 59,500 ரூபாய் மரத்தை அகற்றுவதற்கே. மிச்சம் 71,400. மேலே சொன்ன நான்கரை லட்சத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

மேல்மட்டத்திலும் இதே இடைவெளிதான். மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி ரூபாய். 2018 டிசம்பர் கடைசியில் தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடி. கேட்டதில் எவ்வளவு சரி என்று வாதாடலாம். ஆனால் இழப்புக்கும் நிவாரணத்துக்கும் நடுவே விழுகிற பள்ளத்தை யாரோ ஒருவர் நிரப்பித்தான் ஆக வேண்டும். அதை அந்தந்தக் குடும்பமே நிரப்புகிறது.

ஒரு நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கஜா கரையைக் கடக்கும் முன்பே 80,000-க்கும் மேற்பட்டோரை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். அதனால் தப்பிய உயிர்கள் நிறைய. அப்படியும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். உயிரைக் காப்பாற்றுவதில் இந்தியா வெகுதூரம் வந்துவிட்டது. 1999-இல் புயலுக்குச் சுமார் 10,000 பேரைப் பறிகொடுத்த ஒடிசாதான் 2013-இல் ஃபைலின் புயலின்போது ஏறக்குறைய 10 லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தியது. அப்போது இறந்தவர்கள் 50-க்கும் குறைவு. பிழைத்தவர்களின் பிழைப்பைக் காப்பாற்றுவதில் இதே வேகம் இன்னும் வரவில்லை.

அந்தப் பள்ளத்தைக் குடும்பம் எப்படி நிரப்புகிறது?

நகையால். நம் வீடுகளில் தங்கம்தான் காப்புறுதி என்பது உங்களுக்கே தெரியும்.

2019 பொங்கலுக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். சின்னம்மா காதில் தோடு இல்லை. துளை மூடிவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகியிருந்தார். "வேலைக்கு இடைஞ்சலா இருக்குய்யா, கழட்டி வச்சிருக்கேன்" என்றார். அடகுச் சீட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்ததை என் மனைவிதான் பார்த்தாள். மரம் அறுக்க வந்தவர்களுக்கும் ஓடு போடவும் முதல் மாதச் சாப்பாட்டுக்கும் ஆறு பவுன் போயிருந்தது.

அடகு வைத்த நகை திரும்பிவர வருமானம் வேண்டும். வருமானம் தர வேண்டிய மரம் முழங்கால் உயரத்தில் நிற்கிறது. ஆகவே வருஷா வருஷம் வட்டியைக் கட்டி மறு அடகு வைக்கிறார்கள். வட்டி கட்டக் கைமாற்று. கைமாற்றை அடைக்க மகளிர் குழுக் கடன். குழுக் கடனுக்கு வாராவாரம் தவணை. நான்காவது வருஷத்தில் ஆறு பவுனில் இரண்டு பவுன் ஏலத்துக்குப் போய்விட்டது. புயலின் விலை என்று எந்த அறிக்கையிலும் அந்த இரண்டு பவுன் இருக்காது.

நகைக்கு அடுத்தபடியாக அடி விழுவது படிப்பின் மேல். கல்லூரிக்குப் போக வேண்டியவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறான். பெண் பிள்ளையின் கல்யாணம் ஒன்று தள்ளிப்போகிறது, அல்லது அவசரமாக முடிகிறது. பிலிப்பைன்ஸ் குடும்பங்களை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்த ஆய்வு ஒன்று உண்டு. புயலுக்கு அடுத்த ஆண்டில் குடும்பங்கள் முதலில் குறைப்பது சத்துள்ள சாப்பாட்டையும் மருத்துவத்தையும் படிப்பையும் என்றும், அதன் விளைவாகக் கைக்குழந்தைகள், முக்கியமாகப் பெண் குழந்தைகள், இறப்பது கூடுகிறது என்றும் அது காட்டியது. புயலின்போது அந்தக் குழந்தைகளில் பலர் பிறந்திருக்கவே இல்லை.

மீனவர்களும் உப்பளக்காரர்களும்?

படகு, இன்ஜின், வலை மூன்றும் போனால் மீனவர் கடலுக்குப் போக முடியாது. படகுக்கு நிவாரணம் வரும்வரை இன்னொருவர் படகில் பங்குக்குப் போக வேண்டும், அல்லது வியாபாரியிடம் முன்பணம் வாங்க வேண்டும். முன்பணம் வாங்கினால் பிடித்த மீனை அவர் சொல்கிற விலைக்கே கொடுக்க வேண்டும். புது இன்ஜின் வந்த பிறகும் அந்தக் கட்டு அவிழ்வதில்லை. படகு கரையில் நின்ற நாட்களைவிட இதில் போகிற காசு அதிகம்.

வேதாரண்யம் உப்பு 1930-இல் ராஜாஜி தலைமையில் நடந்த சத்தியாகிரகத்தால் பெயர் வாங்கியது. கஜாவில் கடல் சேறு ஏறிப் பாத்திகள் மூடின. சேற்றை வாரி, பாத்தியை மறுபடி மிதித்துக் கெட்டியாக்கித்தான் உப்பெடுக்க முடியும். அதுவரை உப்பு வாருகிற கூலிக்காரர்களுக்கு வேலை இல்லை.

மண்ணும் கிணறும் தானாகச் சரியாகிவிடாதா?

நல்ல மழை பெய்து, தண்ணீர் வடிய வாய்க்காலும் இருந்தால் உப்பு இறங்கும். சில பருவங்கள் பிடிக்கும். வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தால் இன்னும் நாளாகும். வங்காளத்தின் சுந்தரவனத்தில் 2009 மே மாதம் ஐலா புயல் கடல் நீரை வயலுக்குள் விட்டதில் அடுத்தடுத்த வருஷங்களில் நெல் சரியாக விளையவில்லை. ஆண்கள் கூட்டம் கூட்டமாக வெளிமாநிலங்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

தோப்புகளில் இன்னொரு சங்கடமும் உண்டு. விழுந்த தென்னையை அப்படியே மக்க விட்டால் அதில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு புதுக் கன்றின் குருத்தைத்தான் துளைக்கும். அதனால்தான் அறுத்து அகற்ற அவ்வளவு அவசரம். அறுக்க ஆள் கிடைக்காத தோப்புகளில் புயல் இரண்டாம் முறையும் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

அமெரிக்கா மாதிரிப் பணக்கார நாட்டில் இப்படியெல்லாம் இருக்காதே?

இருக்கிறது. அங்கே புயலை ஹரிகேன் என்கிறார்கள். கிழக்காசியாவில் டைஃபூன். நமக்கு சைக்ளோன். கடல் வேறு, பெயர் வேறு, பொருள் ஒன்று.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயல் வந்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் வெள்ளத்தடுப்புச் சுவர்கள் உடைந்து, நகரத்தின் பெரும்பகுதி தண்ணீரில் நின்றது. சேதம் 12,500 கோடி டாலர் என்பது மட்டுமே பலருக்கு நினைவிருக்கும். எனக்கு உறைத்தது மக்கள்தொகைக் கணக்கு. 2000-இல் அந்த ஊரில் 4,84,674 பேர் இருந்தார்கள். 2010-இல் 3,43,829. 2020-இல் 3,83,997. பதினைந்து வருஷம் கழித்தும் ஒரு லட்சம் பேர் குறைவு. திரும்பாதவர்களில் கறுப்பினக் குடும்பங்களே அதிகம். ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துவந்த பழைய சாரிட்டி மருத்துவமனை அந்த வெள்ளத்தோடு மூடியதுதான், மறுபடி திறக்கவே இல்லை. ஓர் ஊருக்கு மருத்துவமனையும் பள்ளியும் பக்கத்து வீட்டுக்காரரும் போய்விட்டால், சுவரை மட்டும் எழுப்பி யாரைக் குடிவைப்பது?

நாடுகளின் கணக்கும் இதையே சொல்கிறது. சாலமன் சியாங், அமீர் ஜினா என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2014-இல் 6,700 புயல்களின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். கடுமையான புயல் தாக்கிய நாட்டின் வருமானம் இருபது ஆண்டு கழித்தும் முன்பு போய்க்கொண்டிருந்த பாதைக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். "அழிவுக்குப் பிறகு கட்டுமான வேலை நடக்கும், பொருளாதாரம் வளரும்" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தவர்கள் எண்ணிக்கை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

காற்றிலும் தண்ணீரிலும் இறந்தவர்களை எண்ணுவது சுலபம். அடுத்த மாதம் இறந்தவரை யார் எண்ணுவது?

2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் கரீபியன் கடலில் இருக்கும் போர்ட்டோ ரீக்கோ தீவை அடித்தது. முதலில் அரசு சொன்ன கணக்கு 64 பேர். மறு வருஷம் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் ஆய்ந்து சொன்னது 2,975 பேர். அரசும் அதையே ஏற்றுக்கொண்டது. தீவு முழுக்க மின்சாரம் திரும்ப ஏறக்குறைய பதினொரு மாதம் பிடித்தது. டயாலிசிஸ் செய்கிறவர், ஆக்சிஜன் வைத்திருக்கிறவர், இன்சுலினைக் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டியவர், இவர்கள் எல்லோரும் புயலில் தப்பி, கரண்ட் இல்லாமல் செத்தவர்கள்.

2024-இல் வந்த இன்னோர் ஆய்வு இதைவிடத் தூரம் போகிறது. ரேச்சல் யங் என்பவரும் மேலே சொன்ன சியாங்கும் அமெரிக்காவைத் தாக்கிய புயல்களை எடுத்துக்கொண்டார்கள். அரசுக் கணக்கில் சராசரியாக ஒரு புயலுக்கு 24 பேர் இறக்கிறார்கள். இவர்கள் கணக்கில், புயலுக்குப் பிந்திய சுமார் பதினைந்து வருஷங்களில் கூடுதலாக இறப்பவர்கள் 7,000 முதல் 11,000 பேர். மருத்துவத்துக்கு வைத்த பணம் வீட்டுக்குப் போய்விடுவது, பிள்ளைகள் ஊரைவிட்டுப் போய் வயதானவர் தனித்துவிடுவது, மனக்கவலை என்று பல காரணங்கள் இருக்கலாம் என்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சின்னம்மாவின் கணவர் நினைவுதான் வந்தது. 2021-இல் மாரடைப்பில் போனார். இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அவரைப் புயல் கொன்றது என்று நான் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லவும் என்னால் முடியவில்லை.

ஒரு ஊரே திரும்பி வராமல் போனதுண்டா?

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பனிலிருந்து போன ரயிலையே அலை கொண்டுபோனது. அதுவரை அங்கே ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம், சுங்கச் சாவடி, இலங்கைக்குப் போகும் கப்பல்துறை எல்லாம் இருந்தன. பிறகு, வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அங்கே கடைக்கோடியில் இருக்கும் அரிச்சல்முனை வரை நல்ல சாலை வந்ததே 2017-இல்தான். இன்றும் மீனவக் குடும்பங்கள் அங்கே குடிசை போட்டு இருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள்.

கப்பல் வழியை நம்பியிருந்த ஊர் என்பதால், பினாங்கில் இருக்கும் நமக்கு இது நெருங்கிய விஷயம். ராஜுலா கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கு 1970களின் தொடக்கம் வரை ஆட்களைக் கொண்டுவந்தது. நம் தாத்தா பாட்டிகளில் எத்தனையோ பேர் அதில் வந்தவர்கள். ஊர் அழிவதற்குப் புயல் மட்டும் போதாது. வழி மாறி, வேலை போய், இளசுகள் கிளம்பிவிட்டால் ஊர் சத்தமில்லாமல் கரைந்துவிடும்.

பினாங்குக்கு இப்படிப் புயல் வருமா?

கஜா அளவுக்கு வருவது அரிது. பூமத்திய ரேகைக்கு அருகே காற்று சுழன்று திரள்வது கடினம். மேற்கே சுமத்ரா மறைத்து நிற்கிறது. ஆனால் அரிது என்றால் இல்லை என்று பொருளாகாது. 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணைக்குள்ளேயே சென்யார் புயல் உருவாகி சுமத்ராவின் வடக்கே பெருவெள்ளத்தையும் மண்சரிவையும் கொண்டுவந்தது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் பெய்த மழையும் காற்றும் மறக்கக்கூடியதா? ஏழு பேர் இறந்தார்கள். ராணுவத்தைக் கூப்பிட வேண்டிவந்தது. 2004 சுனாமியில் பினாங்கில் 52 பேர் போனார்கள். அதே அலை அதே நாளில் நாகை மாவட்டத்தில் ஆறாயிரம் பேரைக் கொண்டுபோனது. கடல் ஒன்றுதான்.

இங்கே வெள்ளம் ஒரு நாளில் வடிந்துவிட்டதே, அதற்கும் நீண்ட செலவா?

2017-இல் எங்கள் வீட்டில் தண்ணீர் தொடைவரை வந்தது. வடிந்த பிறகு நானும் அக்காவும் செய்த முதல் வேலை, அம்மாவின் பிறப்புப் பத்திரத்தையும் அப்பாவின் குடியுரிமைத் தாளையும் வேட்டிக்கு நடுவில் வைத்து இஸ்திரி போட்டது. மை கலைந்த இடத்தில் பெட்டியை வைக்கவே பயம். அதில் ஒரு தாளை மாற்றி வாங்க அலுவலகங்களுக்கு நடந்த நடை ஒன்றரை வருஷம். கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம்.

அப்புறம் கார். சாதாரண வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகக் கேட்டு, கொஞ்சம் கூடுதலாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். வீட்டுக்கான தீக் காப்புறுதியும் அப்படித்தான், வெள்ளத்தைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. எங்களுக்கு இது கார் போன பிறகு தெரிந்தது. உங்கள் பாலிசியை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தாள்களை ஒரு ஜிப் பையில் போட்டு உயரமான அலமாரியில் வையுங்கள், போனில் படமும் எடுத்துவையுங்கள்.

அலையாத்திக் காடு இருந்தால் புயலைத் தடுக்குமாமே?

காற்றை நிறுத்தாது. அலையின் வேகத்தை உடைக்கும், கரை அரிப்பைக் குறைக்கும், மீன் குஞ்சுகளை வளர்க்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு கஜாவில் நன்றாக அடி வாங்கியது. அந்தக் காடு வாங்கிய அடி, பின்னால் இருந்த கிராமங்கள் வாங்க வேண்டியது. இங்கே பினாங்கில் கரையோர மீனவர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் 1990களின் பிற்பகுதியிலிருந்து தாங்களே அலையாத்திச் செடி நட்டு வருகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் போய் அவர்களோடு சேற்றில் இறங்குங்கள்.

நாங்கள் இங்கிருந்து பணம் அனுப்பலாமா? எப்போது, எப்படி?

அனுப்புங்கள். ஆனால் எல்லாவற்றையும் முதல் வாரத்தில் அனுப்பிவிடாதீர்கள். முதல் வாரம் ஊருக்குள் லாரி லாரியாக அரிசியும் பாய்களும் பழைய துணியும் வரும். எட்டாம் மாதம் ஒரு லாரியும் வராது. பள்ளிக் கட்டணம் எட்டாம் மாதம்தான் வரும்.

கஜாவுக்குப் பிறகு நாங்கள் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கூட்டு, அதாவது சீட்டு, பிடித்தோம். மாதம் ஆளுக்கு 50 ரிங்கிட். சீட்டு எடுப்பவர் ஊரில் உள்ள தன் சொந்தத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும்தான் விதி. ஒரே தடவையில் 500 ரிங்கிட் போவதால் அதைச் சில்லறையாகச் செலவழிக்காமல் ஒரு வேலைக்கு வைத்தார்கள்: சொட்டுநீர்க் குழாய், தையல் மெஷின், அடகு மீட்பு. இரண்டு வருஷம் என்று தொடங்கியது, ஆறாவது வருஷம்வரை ஓடியது.

சட்டத்தையும் பாருங்கள். இந்தியாவில் சங்கங்களும் அமைப்புகளும் வெளிநாட்டுப் பணம் பெறத் தனிப் பதிவு வேண்டும். அது இல்லாத ஊர்ச் சங்கம், இளைஞர் மன்றம், கோயில் கமிட்டி கணக்கில் நீங்கள் போட்டால் அவர்களுக்குத்தான் தலைவலி. நெருங்கிய சொந்தக்காரர் கணக்குக்குக் குடும்பச் செலவாக, வங்கி மூலமோ உரிமம் உள்ள பணப் பரிமாற்றக் கடை மூலமோ அனுப்புவது நேரான வழி. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன தேவை என்று கேட்டுவிட்டு அனுப்புவது இன்னும் நல்லது. நான் முதலில் போர்வை அனுப்பினேன். சின்னம்மாவுக்குத் தேவைப்பட்டது மரம் அறுக்கும் கூலி.

ஊர்ப் பையன் இங்கே வேலைக்கு வர ஆசைப்படுகிறான். கூப்பிடலாமா?

புயலுக்கு அடுத்த வருஷம் ஏஜென்ட்டுகள் கிராமம் கிராமமாகப் போவார்கள். சின்னம்மா மகனும் அப்படித்தான் வந்தான். ஏஜென்ட்டுக்குக் கட்டிய காசை அடைக்கவே முதல் பதினான்கு மாதச் சம்பளம் போனது. முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அவன் என்னிடம் அதைச் சொல்லவே பல மாதம் ஆயிற்று.

வரவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், நம் எல்லோருடைய பாட்டனும் ஏதோ ஒரு கஷ்டத்தில் வந்தவர்தான். ஆனால் சுற்றுலா விசாவில் வேலைக்கு வரக் கூடாது. கம்பெனி பெயரும் சம்பளமும் எழுத்தில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை அவனே வைத்திருக்க வேண்டும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பது மலேசியாவில் 1966 பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் முன் இங்கே இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் அந்தத் தாள்களைக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சொந்தக்காரர் நீங்களாக இருந்தால், சலித்துக்கொள்ளாமல் அவன் அனுப்பியதைப் படியுங்கள்.

மனசு ஆறிவிட்டதா அவர்களுக்கு?

சின்னம்மாவின் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. இன்றும் இரவில் காற்று கூடினால் செருப்பைப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். யாரும் அவளைக் கேலி செய்வதில்லை. அந்த ராத்திரி ஓடு பறந்தபோது வெறுங்காலோடு ஓடி, உடைந்த ஓட்டில் காலைக் கிழித்துக்கொண்டவள் அவள்.

ஊருக்குப் போன் பண்ணும்போது பணத்தைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். நவம்பர் பிறந்ததும் ஒரு தடவை கூப்பிடுங்கள். "அங்கே காற்று எப்படி?" என்று கேட்டால் போதும், அவர்களாகவே பேசுவார்கள்.

அந்தத் தோப்பு இப்போது எப்படி இருக்கிறது?

2019 ஆடியில் 90 கன்று வைத்தார்கள். பாதி நெட்டை, பாதி வீரிய ஒட்டு. வண்டு தின்றும் தண்ணீர் இல்லாமலும் 17 போயின, அந்த இடத்தில் மறுபடி வைத்தார்கள். நடுவில் உளுந்தும் கொஞ்சம் முல்லையும் போட்டதில் கைச்செலவு நடந்தது. ஒட்டு ரகம் முதலில் பாளை விட்டது. நெட்டையில் இப்போதுதான் குரும்பை பிடித்திருக்கிறது. போன மாதம் முதல் வெட்டு. 212 காய். அதில் நான்கை எடுத்து வைத்திருக்கிறாராம், யாராவது பினாங்குக்கு வந்தால் கொடுத்தனுப்ப. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. அடுத்த தை மாதத்துக்குள் மீட்டுவிடலாம் என்று இருக்கிறோம்.